டவுட்டன், 1461: ஒரு சமரைத் தீர்மானகரமானது என்று எப்போது சொல்கிறோம்?

1461ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்துக்கு இரண்டு அரசர்கள் இருந்தார்கள். ஒருவர் ஆறாம் ஹென்றி. ஒன்பது மாதக் குழந்தையாக 1422இல் அரியணைக்கு உரியவராகி, முறைப்படி முடிசூட்டப்பட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அரசர் என்று அழைக்கப்பட்டு வந்தவர் அவர். மற்றவர் நான்காம் எட்வர்டு. பதினெட்டு வயது நிரம்பிய அந்த இளைஞர் அதே மாதம் 4ஆம் தேதி லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அரசருக்குரிய இருக்கையில் அமர்ந்து, இனி நாடு தம்முடையது என்று அறிவித்திருந்தார். மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு அன்று, யார்க் நகருக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், டவுட்டன், சாக்ஸ்டன் என்ற இரு சிற்றூர்களுக்கு இடைப்பட்ட மேட்டு நிலத்தில், இந்த இருவருக்காகவும் திரண்ட படைகள் கொட்டும் பனியில் மோதின. இங்கிலாந்து மண்ணில் நடந்தவற்றுள் மிக அதிகமான இரத்தம் சிந்திய நாள் என்று பலரும் குறிப்பிடுவது இந்த நாளைத்தான்.

தமிழில் போர் என்ற ஒரே சொல்லை ஆண்டுக்கணக்கில் நீளும் மோதலுக்கும் ஒரே நாளில் ஒரு களத்தில் நடந்து முடியும் மோதலுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். இந்தக் கட்டுரையின் பொருளே இரண்டுக்கும் உள்ள உறவு என்பதால், நீண்ட மோதலைப் போர் என்றும், ஒரு களத்து மோதலைச் சமர் என்றும் பிரித்து எழுதுகிறேன். போரின் போக்கை ஒரே நாளில் ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் சமரைத் தீர்மானகரமான சமர் என்கிறார்கள். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வரையறைக்குள் ஒரு சிக்கல் உண்டு. வெற்றி பெற்ற சமர்கள் எல்லாம் தீர்மானகரமானவையாக அமைவதில்லை. பெருந்தொகையானவர்கள் மாண்டதனால் மட்டும் ஒரு சமர் எதையும் தீர்த்துவிடுவதும் இல்லை. டவுட்டனை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகப் புரியும். ஏனென்றால் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் வெற்றிகள் பல கிடைத்தும் எதுவுமே தீராமல் போனது.

இந்தச் சமர் இடம்பெற்ற உள்நாட்டுப் போரை ரோஜாப் போர்கள் என்று இன்று அழைக்கிறோம். லங்காஸ்டர் குடும்பத்துக்குச் சிவப்பு ரோஜா, யார்க் குடும்பத்துக்கு வெள்ளை ரோஜா என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும். யார்க் குடும்பத்தின் வெள்ளை ரோஜா உண்மையில் அக்காலத்துச் சின்னம்தான். ஆனால் சிவப்பு ரோஜாவுக்கு முக்கியத்துவம் வந்தது போரின் கடைசிக் கட்டத்தில், டியூடர் குடும்பம் தலையெடுத்த பிறகுதான். போருக்கு அந்தப் பெயர் பரவலானதோ 19ஆம் நூற்றாண்டில். டவுட்டன் களத்தில் நின்றவனிடம் எந்த ரோஜாவுக்காகச் சண்டையிடுகிறாய் என்று கேட்டிருந்தால் அவனுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது. அவன் தன் பிரபுவின் பெயரைச் சொல்லியிருப்பான்.

சண்டைக்கு அடிப்படையாக இருந்த வாரிசு வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1377இல் இறந்த மூன்றாம் எட்வர்டு அரசருக்கு வளர்ந்து ஆளான மகன்கள் பலர். அவர்களில் மூன்றாமவரான ஜானின் மகன் 1399இல் தம் பெரியப்பா மகனான இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு நான்காம் ஹென்றி என்ற பெயரில் ஆட்சியைப் பிடித்தார். அங்கே தொடங்குவது லங்காஸ்டர் வழி. ஆறாம் ஹென்றி அவருடைய பேரன். யார்க் கோமகன் ரிச்சர்டு தந்தை வழியில் நான்காம் மகனான எட்மண்டின் வம்சம், தாய் வழியில் இரண்டாம் மகனான லயோனலின் வம்சம். பெண் வழி உரிமை செல்லும் என்றால் யார்க்கின் உரிமை மூத்தது. செல்லாது என்றால் லங்காஸ்டரின் உரிமை மூத்தது. அரசர் திறமையானவராக இருந்திருந்தால் இந்தக் கணக்கை யாரும் தோண்டி எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆறாம் ஹென்றியின் காலத்தில் 1450இல் நார்மண்டி கைவிட்டுப் போயிற்று, 1453இல் கஸ்கனியும் போயிற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் அரசருக்குச் சித்தம் கலங்கி ஓராண்டுக்கும் மேலாக யாரையும் அடையாளம் தெரியாத நிலையில் கிடந்தார். அந்த இடைவெளியில் நாட்டை யார் நடத்துவது என்பதில் அரசி மார்கரெட்டை ஒட்டியவர்களுக்கும் யார்க் கோமகனுக்கும் தொடங்கிய பகை, பிறகு யார் அரசர் என்ற கேள்வியாக வளர்ந்தது.

வெற்றிகள் ஏன் எதையும் தீர்க்கவில்லை என்பதை அறிய, அக்காலத்துப் படை எப்படித் திரட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அரசரிடம் நிரந்தரப் படை என்று ஒன்று இல்லை. பெரும் நிலவுடைமை கொண்ட பிரபு ஒருவர், தம்மைச் சுற்றியுள்ள சிறு நிலவுடைமையாளர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்வார். அவர்கள் அவருடைய நிறத்தில் தைத்த மேலாடையும் அவருடைய சின்னமும் அணிவார்கள். அவர் அழைத்தபோது குதிரை, ஆயுதம், தங்கள் ஊர் ஆட்கள் சகிதம் வந்து நிற்பார்கள். பதிலுக்கு அவர்களின் வழக்குகளில் பிரபு துணை நிற்பார், பதவிகளுக்குச் சிபாரிசு செய்வார். இதைத் தவிர அரசரின் ஆணையின்பேரில் ஊர்களும் நகரங்களும் ஆள் அனுப்பும் முறையும் உண்டு. ஆனால் படையின் முதுகெலும்பு பிரபுக்களின் பரிவாரம்தான். ஆகவே ஒரு படை தோற்று ஓடினாலும் அதன் பிரபு உயிரோடு தம் வட்டாரத்துக்குத் திரும்பிவிட்டால், சில வாரங்களில் அதே நிறச் சட்டையோடு இன்னொரு படை எழுந்து வரும். பிரபு இறந்துவிட்டால்கூட அவருடைய மகன் தந்தையின் இடத்தையும் தந்தையின் பகையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வார்.

1455 மே 22இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத் தெருக்களில் நடந்த முதல் சமரில் யார்க் தரப்பு வென்றது. எதிரணித் தலைவர் சாமர்செட் கோமகன் அங்கேயே கொல்லப்பட்டார். அவருடைய மகன் வளர்ந்து வந்து டவுட்டனில் லங்காஸ்டர் படையை நடத்தினார். 1460 ஜூலையில் நார்த்தாம்ப்டனில் யார்க் தரப்பு அரசரையே பிடித்துவிட்டது. அந்த அக்டோபரில் நாடாளுமன்றம் ஓர் உடன்பாட்டை உருவாக்கியது. ஹென்றி சாகும்வரை அரசராக இருப்பார், அவருக்குப் பின் யார்க் கோமகனும் அவர் வாரிசுகளும் ஆள்வார்கள் என்பது அதன் சாரம். பெற்ற மகனின் உரிமையைப் பறித்த இந்த ஏற்பாட்டை அரசி மார்கரெட் ஏற்பார் என்று யாராவது நம்பியிருந்தால், அவர்கள் அந்த அம்மாளை அறியாதவர்கள். டிசம்பர் 30இல் வேக்ஃபீல்டில் யார்க் கோமகனும் அவருடைய பதினேழு வயது மகன் எட்மண்டும் கொல்லப்பட்டார்கள். கோமகனின் தலையைக் காகிதக் கிரீடம் சூட்டி யார்க் நகர வாயிலில் செருகி வைத்தார்கள். அது லங்காஸ்டர் தரப்புக்குப் பெரும் வெற்றி. ஆனால் யார்க் குடும்பத்தின் உரிமை அடுத்த கணமே மூத்த மகன் எட்வர்டின் கைக்குப் போய்விட்டது.

1461 பிப்ரவரி தொடக்கத்தில் வேல்ஸ் எல்லையில் மார்ட்டிமர்ஸ் கிராஸ் என்ற இடத்தில் எட்வர்டு வென்றார். அன்று காலை பனிப்படிகங்களில் ஒளி சிதறி வானத்தில் மூன்று சூரியன்கள் தெரிந்ததாகவும், கலங்கிய படையினரிடம் அது நல்ல சகுனம் என்று எட்வர்டு எடுத்துச் சொன்னதாகவும் வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். அதே மாதம் 17ஆம் தேதி இரண்டாம் செயின்ட் ஆல்பன்ஸ் சமரில் அரசி தரப்பு, யார்க் அணியைச் சேர்ந்த வாரிக் பிரபுவை முறியடித்து, அரசர் ஹென்றியை மீட்டது. கணவரும் கைக்கு வந்தார், படையும் வென்றது, லண்டன் ஒரு நாள் தொலைவில் இருந்தது. ஆனால் வடக்கிலிருந்து வந்த படை வழியெல்லாம் கொள்ளையிட்டது என்ற செய்தியால் நடுங்கிப்போயிருந்த லண்டன்வாசிகள் கதவைத் திறக்கவில்லை. அரசி வடக்கே திரும்பினார். எட்வர்டு நகருக்குள் நுழைந்தார். இரண்டாம் செயின்ட் ஆல்பன்ஸைப் போல் களத்தில் முழுமையாக வென்றும் கையில் ஒன்றும் மிஞ்சாத வெற்றிகள் வரலாற்றில் நிறைய உண்டு.

எட்வர்டின் நிலை அப்போது விசித்திரமானது. உடன்பாட்டை முறித்து ஹென்றி தம் உரிமையைத் தாமே இழந்துவிட்டார் என்பது யார்க் தரப்பின் வாதம். ஆனால் எட்வர்டிடம் இருந்தது லண்டனும் ஓர் அறிவிப்பும் மட்டுமே. நாட்டின் பிரபுக்களில் பெரும்பாலோர் அப்போதும் ஹென்றி பக்கம். இதை எட்வர்டும் அறிந்திருந்தார். அதனால் முடிசூட்டு விழாவைத் தள்ளிவைத்துவிட்டு மார்ச் 13இல் லண்டனிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். நார்ஃபோக் கோமகன் கிழக்கு மாவட்டங்களில் ஆள் திரட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. அவர் தாமதமாக வந்தது இந்தக் கதையில் பின்னால் முக்கியமாகப் போகிறது.

யார்க்குக்குப் போக ஏர் ஆற்றைக் கடக்க வேண்டும். கடக்கும் இடம் ஃபெர்ரிபிரிட்ஜ். மார்ச் 28 அன்று அந்தப் பாலத்தை லங்காஸ்டர் தரப்பின் கிளிஃபோர்டு பிரபு மறித்து நின்றார். வேக்ஃபீல்டில் எட்வர்டின் தம்பியைக் கொன்றவர் என்று பழி சுமந்தவர் இவர்தான். இவருடைய தந்தையும் முதல் செயின்ட் ஆல்பன்ஸில் யார்க் தரப்பின் கையால் இறந்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அரியணை வழக்குக்குள் எத்தனை குடும்பப் பகைகள் புகுந்திருந்தன என்பது தெரியும். பாலத்துச் சண்டையில் வாரிக்கின் காலில் அம்பு தைத்தது. வாரிக்கின் சித்தப்பாவும், பிரான்சில் பல ஆண்டுகள் போரிட்டுப் பழகியவருமான ஃபாகன்பெர்க் பிரபு, மேற்கே காசில்ஃபோர்டில் ஆற்றைக் கடந்து பக்கவாட்டில் வந்தார். பின்வாங்கிய கிளிஃபோர்டு, தம் பெரும்படை நின்ற இடத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட நிலையில், கழுத்துக் கவசத்தைக் கழற்றியிருந்த வேளையில் தொண்டையில் அம்பு பட்டு இறந்தார். அன்றிரவு எட்வர்டின் படை கடுங்குளிரில் வெட்டவெளியில் தங்கியது.

அந்தக் காலத்து நாட்காட்டியின் மார்ச் 29 இன்றைய கணக்கில் ஏப்ரல் 7. வசந்தம் தொடங்கிவிட்ட பருவம். ஆனால் அன்று பனி கொட்டியது. களத்தின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஓர் ஆழமற்ற பள்ளம். அதன் வடக்கு மேட்டில் லங்காஸ்டர் படை, தெற்கு மேட்டில் யார்க் படை. மேற்குப் பக்கம் நிலம் சட்டென்று செங்குத்தாக இறங்கும்; அடியில் காக் பெக் என்னும் ஓடை வளைந்து வளைந்து வடக்கே போகும். லங்காஸ்டர் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் இளம் சாமர்செட் கோமகன். அவர் தேர்ந்தெடுத்த இடம் தற்காப்புக்கு உகந்தது. ஆனால் தோற்றுவிட்டால் தப்பிக்க உகந்ததல்ல. அரசர் ஹென்றியும், அரசியும், ஏழு வயது இளவரசரும் களத்தில் இல்லை. யார்க் நகரில் காத்திருந்தார்கள். எதிரே எட்வர்டு தாமே தம் ஆட்களோடு நின்றார். 1789இல் அவருடைய கல்லறையைத் திறந்து எலும்புக்கூட்டை அளந்தபோது ஆறடி மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தது. அப்படி ஒருவர் கொடியருகே நின்று வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தே பலர் ஓடாமல் நின்றிருப்பார்கள்.

முதல் மோதல் வில்லாளிகளுடையது. ஆங்கிலேய நீள்வில், யூ மரத்தில் செய்யப்பட்டு ஆளுயரம் இருக்கும். 16ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றோடு மூழ்கிக் கிடந்து பின்னர் மீட்கப்பட்ட விற்களை ஆராய்ந்ததில், அவற்றை முழுமையாக இழுக்க ஏறத்தாழ 45 முதல் 70 கிலோவும் அதற்கு மேலும் எடை தூக்கும் அளவு வலு வேண்டும் என்று தெரிந்தது. தேர்ந்த வில்லாளி நிமிடத்துக்குப் பத்து அம்பு விடுவார். ஒரு கட்டு என்பது 24 அம்புகள். கணக்குப் போட்டால், முழு வேகத்தில் ஒருவர் தம் கட்டை இரண்டரை நிமிடத்தில் காலி செய்துவிடுவார். நீள்விற்படையின் பலமும் பலவீனமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அம்பு தீர்ந்த வில்லாளி, கையில் குறுவாளோடு நிற்கும் சாதாரணக் காலாள்.

அன்று காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசியது. பனி லங்காஸ்டர் படையினரின் முகத்தில் அறைந்தது. ஃபாகன்பெர்க் இதைக் கவனித்தார். 16ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய ஒருவரின் விவரிப்புப்படி, அவர் தம் வில்லாளிகளை முன்னே நடத்திச் சென்று, ஒரு வரிசை அம்புகளை விட்டதும் சில அடிகள் பின்வாங்கி நிற்கச் செய்தார். காற்று சுமந்துபோன அம்புகள் எதிரிமேல் விழுந்தன. எதிரே இருந்தவர்களுக்குப் பனித்திரையில் தூரம் தெரியவில்லை. அம்பு வந்த திசை நோக்கித் தங்கள் கட்டுகள் தீரும்வரை எய்தார்கள். எதிர்க்காற்றில் அவை அனைத்தும் நாற்பது கெஜம் முன்னாலேயே தரையில் குத்திட்டு நின்றன. அவர்கள் கைவசம் தீர்ந்தது என்று தெரிந்ததும் ஃபாகன்பெர்க்கின் ஆட்கள் முன்னேறித் தங்கள் அம்புகளையும், தரையில் நின்ற எதிரியின் அம்புகளையும் பிடுங்கி எய்தார்கள். ஒரு பகுதியை மட்டும், ஓடி வருபவர்களின் காலை இடறட்டும் என்று அப்படியே விட்டுவைத்தார்கள். எழுதியவர் 80 ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்த மேட்டு நிலத்தில் அண்மைக் காலத்தில் உலோகம் கண்டறியும் கருவிகளோடு நடந்தவர்கள் இரும்பு அம்புமுனைகளை நெருக்கமாகக் கண்டெடுத்திருக்கிறார்கள். வெடித்துச் சிதறிய கைத்துப்பாக்கியின் வெண்கலத் துண்டுகளும் கிடைத்தன. அந்தப் புதிய ஆயுதம் அன்று எதிரியைவிடத் தன்னைப் பிடித்திருந்தவனுக்கே அதிகக் கேடு செய்திருக்கலாம்.

அம்பு மழையில் அசையாமல் நிற்க முடியாது. சாமர்செட் படையை முன்னே செலுத்தினார். உயர்ந்த இடத்தை விட்டு இறங்கிப் போய்த் தாக்க வேண்டிய நிலைக்கு அவரை உந்தியது காற்று. அதன்பின் நடந்தது கைகலப்பு. கோடரி, ஈட்டி, தண்டம், வாள் என்று எதிரெதிரே நின்று மணிக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். பத்து மணி நேரம் நடந்தது என்று எழுதியிருக்கிறார்கள். தலைமறைய இரும்பு அணிந்த மனிதன் அவ்வளவு நேரம் இடைவிடாமல் சண்டையிட முடியாது என்பதால், அலை அலையாக முன்வரிசை மாறி மாறி நடந்திருக்க வேண்டும் என்று எண்ணுவதே பொருத்தம். எவரையும் சிறைப்பிடிப்பதில்லை என்று இரு தரப்பும் முடிவு செய்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. பிரான்சுப் போர்களில் பிணைத்தொகைக்காகப் பிரபுக்களை உயிரோடு பிடிப்பது வழக்கம்; இந்தப் போரில் அது தலைகீழாகி, பிரபுக்களைத் தேடிக் கொல்வது வழக்கமாகிவிட்டது. சற்று முன் சொன்ன பரிவார முறையை நினைவில் கொண்டால் இதன் காரணம் புரியும்.

பிற்பகலில் யார்க் அணி மெல்லப் பின்னே தள்ளப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், நார்ஃபோக் கோமகனின் ஆட்கள் ஃபெர்ரிபிரிட்ஜ் சாலை வழியாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கிழக்கு ஓரத்தில் புதிய பலத்தோடு நுழைந்ததும் லங்காஸ்டர் அணி மேற்குப் பக்கமாக வளைந்து, பிறகு உடைந்தது. காலையிலிருந்து நின்று களைத்தவர்களுக்கு எதிரே, அன்று இன்னும் ஓர் அடிகூட வாங்காதவர்கள். நார்ஃபோக் குறித்த நேரத்தில் வந்திருந்தால் வேறு வகையாக நடந்திருக்குமா என்று கேட்கத் தோன்றும். தாமதமே அவரைப் பயனுள்ளவராக்கியது என்பது என் எண்ணம்.

சமரில் அதிகமானவர்கள் இறப்பது பெரும்பாலும் அணி உடைந்த பிறகுதான். ஓடுபவன் முதுகைக் காட்டுகிறான், கவசம் கனக்கிறது, தலைக்கவசத்தைக் கழற்றி எறிகிறான். டவுட்டனில் ஓடியவர்களுக்கு முன்னால் செங்குத்துச் சரிவும், அதன் கீழே பெருகி ஓடிய காக் பெக்கும். இன்று பார்ப்பவர்களுக்கு அது வாய்க்கால் அளவே தோன்றும். அன்று பனிநீரால் நிறைந்திருந்தது. முன்னே போனவர்கள் நீரில் விழ, பின்னே வந்தவர்கள் அவர்கள் உடல்களை மிதித்துக் கடந்ததாகச் சொல்கிறார்கள். டாட்காஸ்டரில் வார்ஃப் ஆற்றுப் பாலமும் உடைக்கப்பட்டிருந்ததால் அங்கேயும் பலர் மாட்டிக்கொண்டார்கள். சரிவுக்கு அருகேயுள்ள ஒரு நிலத்துக்கு இன்றும் இரத்தப் புல்வெளி என்றே பெயர்.

1996இல் டவுட்டன் மாளிகையில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது ஒரு குழியில் எலும்புகள் கிடைத்தன. பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் முறையாக அகழ்ந்து ஆராய்ந்ததில், ஆழமற்ற குழியொன்றில் சுமார் நாற்பது ஆண்கள், இடம் வீணாகாமல் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தார்கள். வயது பதினாறு முதல் ஐம்பது வரை. உடம்பில் காயங்கள் குறைவு. தலையில் மிக அதிகம். பெரும்பாலான மண்டையோடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுகள், சிலவற்றில் ஏழெட்டு. சாகடிக்க ஓர் அடி போதும் என்ற நிலையிலும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தலைக்கவசம் போட்டிருந்தால் இத்தகைய காயங்கள் ஏற்பட்டிருக்காது. ஆகவே இவர்கள் ஓடும்போதோ பிடிபட்ட பின்போ கொல்லப்பட்டவர்கள் என்று கருதுகிறார்கள். நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஒருவரின் தாடையில் பல ஆண்டுகளுக்கு முன் பட்டு ஆறிப்போன பெரிய வெட்டுத் தழும்பு இருந்தது. ஏதோ ஒரு பழைய சமரில் தப்பிப் பிழைத்து, நல்ல மருத்துவமும் பெற்று, மறுபடி ஆயுதம் ஏந்தி வந்தவர் அவர்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? சமர் முடிந்து சில நாட்களில் எழுதப்பட்ட கடிதங்களிலேயே 28,000 என்ற எண் காணப்படுகிறது. கட்டியக்காரர்கள் எண்ணிச் சொன்னது என்ற குறிப்போடு அது பரவியது. எட்வர்டு தம் தாயார் செசிலிக்கு எழுதிய கடிதம் ஈஸ்டருக்கு முந்தைய நாளில் லண்டனை அடைந்து, அங்கிருந்து செய்தி நாடெங்கும் போனது. அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகையே இருபது முதல் இருபத்தைந்து இலட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் ஒரே நாளில் 28,000 என்பது நூற்றுக்கு ஒருவருக்கும் மேல். இக்கால ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. பத்தாயிரத்தையும் அதற்குக் குறைவான எண்ணிக்கையையும் சொல்கிறார்கள். வென்றவர் தரப்பிலிருந்து வந்த எண் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை, அது இன்னும் அடங்காதவர்களை அச்சுறுத்தவும் பயன்பட்டது.

ஆனால் இந்தச் சமரைத் தீர்மானகரமாக்கியது அந்த மொத்த எண் அல்ல. இறந்தவர்களின் பட்டியலில் மேலே இருந்த சில பெயர்கள். வடக்கின் மிகப் பெரிய நிலவுடைமையாளரான நார்த்தம்பர்லாந்து பிரபு களத்தில் இறந்தார். டேக்கர் பிரபு, வெல்ஸ் பிரபு, நெவில் பிரபு, அனுபவமிக்க படைத்தலைவர் ஆண்ட்ரூ டிரோலோப் ஆகியோரும் இறந்தனர். டெவன் பிரபு பிடிபட்டு யார்க்கில் தலை வெட்டப்பட்டார்; வில்ட்ஷயர் பிரபுவுக்கு நியூகாசிலில் அதே முடிவு. டேக்கர், தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது மரத்தில் ஒளிந்திருந்த ஒரு சிறுவன் எய்த அம்பால் விழுந்தார் என்றும், சாக்ஸ்டன் தேவாலய வளாகத்தில் குதிரை மேல் அமர்ந்த நிலையிலேயே புதைக்கப்பட்டார் என்றும் ஊரில் கதை உண்டு. முதல் பாதியை நம்பலாமா என்பது அவரவர் விருப்பம். இரண்டாம் பாதிக்கு ஆதரவாக 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கல்லறை அருகே குதிரையின் மண்டையோடு கிடைத்ததாகச் சொல்வார்கள்.

இவ்வளவு பேரை ஒரே நாளில் இழந்ததால், முன்பு எப்போதும் நடந்ததுபோல் சில வாரங்களில் அடுத்த படையை எழுப்ப லங்காஸ்டர் தரப்பில் ஆள் இல்லை. மகன்கள் தந்தையரின் இடத்தை ஏற்றுக்கொள்வதையும் எட்வர்டு சட்டத்தால் அடைத்தார். அந்த நவம்பரில் கூடிய நாடாளுமன்றம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் துரோகிகள் என்று அறிவித்தது. அவர்களின் பட்டமும் நிலமும் அவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் இல்லாமல் போயின. நிலம் இல்லாத பிரபு யாருக்கும் ஆண்டுத்தொகை தர முடியாது. தொகை இல்லையென்றால் பரிவாரம் இல்லை. களத்தில் வாள் தொடங்கியதை மன்றத்தில் எழுத்து முடித்தது. முந்தைய வெற்றிகளில் இந்த இரண்டாம் பாதி நிலைத்ததே இல்லை. அதற்குத் தேவையான லண்டனும் அரசர் என்ற பட்டமும் ஒரே கையில் இருந்தது இந்த முறைதான்.

மறுநாள், மார்ச் 30, எட்வர்டு யார்க் நகருக்குள் நுழைந்தார். வாயிலில் மூன்று மாதமாக இருந்த தந்தையின் தலையை இறக்கினார்; அந்த இடத்தில் டெவன் பிரபுவின் தலை ஏறியது. தள்ளிப்போட்ட முடிசூட்டு விழா ஜூன் 28இல் நடந்தது. டவுட்டனுக்கு முன் அறிவிப்பாக மட்டும் இருந்த அரசுரிமை, டவுட்டனுக்குப் பின் வரி வாங்கவும் நீதிபதிகளை நியமிக்கவும் முடிகிற அரசுரிமையாகியது. ஊருலகமும் அதை அப்படியே ஏற்றது. தோற்றவர்களின் குடும்பங்கள் பல, நிலத்தைத் திரும்பப் பெறும் ஆசையில் புதிய அரசரிடம் மன்னிப்புக் கேட்டுப் பணிந்தன.

அப்படியானால் போர் அன்றோடு முடிந்ததா என்றால், இல்லை. எட்வர்டு யார்க்கை அடைவதற்குள் ஹென்றியும் மார்கரெட்டும் இளவரசரும் சாமர்செட்டும் வடக்கே தப்பி ஸ்காட்லாந்தை அடைந்துவிட்டார்கள். அடைக்கலத்துக்கு விலையாக பெரிக் நகரை ஸ்காட்லாந்துக்குக் கொடுத்தார்கள். வடகோடிக் கோட்டைகளில் எதிர்ப்பு நீடித்தது. 1464இல் ஹெக்ஸம் சமரில் பிடிபட்டு சாமர்செட் தலை வெட்டப்பட்ட பிறகு அது அடங்கியது. அடுத்த ஆண்டு ஹென்றியும் பிடிபட்டு லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். ஆனால் மகன் தாயோடு பிரான்சில் வளர்ந்துகொண்டிருந்தார். எட்வர்டை அரசராக்க உழைத்த வாரிக் பிரபுவே பின்னர் அவரோடு பகைத்துக்கொண்டு, 1470இல் மார்கரெட்டோடு கைகோத்து, ஹென்றியைச் சிறையிலிருந்து எடுத்து மீண்டும் அரியணையில் அமர்த்தினார். டவுட்டன் தீர்த்துவைத்த தீர்ப்பு ஒன்பதரை ஆண்டுகள் நின்றது என்று கணக்கிடலாம். உயிரோடு ஓர் அரசரும் அவருக்கு ஒரு வாரிசும் மிஞ்சியிருக்கும் வரை, அவர்கள் பெயரால் படை திரட்ட யாராவது ஒருவர் வருவார் என்ற விதியை டவுட்டனாலும் மீற முடியவில்லை.

நாடுகடந்து போயிருந்த எட்வர்டு 1471 மார்ச்சில் திரும்பி வந்தார். ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு அன்று பார்னெட் மூடுபனியில் வாரிக் கொல்லப்பட்டார். மே 4இல் டியூக்ஸ்பரியில் லங்காஸ்டர் தரப்பின் கடைசிப் படை உடைந்தது. டவுட்டன் நாளில் ஏழு வயதுச் சிறுவனாக யார்க் நகரில் காத்திருந்த இளவரசர், இம்முறை பதினேழு வயதில் களத்துக்கு வந்திருந்தார், அங்கேயே இறந்தார். மே 21இல் எட்வர்டு லண்டனுக்குள் நுழைந்தார். அன்றிரவு, கோபுரச் சிறையில் ஆறாம் ஹென்றியும் இறந்துபோனார். துயரம் தாங்காமல் இறந்தார் என்று அரசுத் தரப்பு அறிவித்தது.